மேஸ்திரி கன்னடம்

ஹெப்பாள், மைசூரு
9.6.2024

பொன்னம்மா அண்ணிக்கு,

சரசு எழுதுகிறேன். போனில் பல தடவை கூப்பிட்டேன், நீங்கள் எடுக்கவே இல்லை. கடைசியில் உங்கள் மருமகள் பூங்குழலி எடுத்தாள். நான் கௌதள்ளிக்குத் திரும்பி வரும்வரை என்னோடு பேசுவதில்லை என்று மாதேஸ்வரன் சாமி மேல் ஆணை வைத்துவிட்டீர்களாம். "பேசத்தானே கூடாது அத்தை, நீங்க எழுதுனா நான் படிச்சுக் காட்டறேன்" என்று அவளே வழியும் சொன்னாள். நல்ல மருமகளாகத்தான் பிடித்திருக்கிறீர்கள். நான் கொளத்தூரில் ஐந்தாவது வரை படித்தவள். பிழை இருந்தால் அவள் திருத்திப் படிக்கட்டும்.

உங்கள் தம்பியின் கருமாதி முடிந்த மறுநாளே சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன் என்று உங்களுக்குக் கோபம். எனக்கும் கோபம்தான் அண்ணி. பந்தியில் அத்தனை சனத்துக்கு நடுவில் என்ன சொன்னீர்கள்? "என் தம்பிதான் இவளுக்கு வாய். வாய் போயிருச்சு. இனி மைசூர்ல இந்த ஊமை என்ன பண்ணுவா? இங்கயே கெடக்கட்டும்." துக்கத்தில் சொன்னது என்று மனசைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். முடியவில்லை. நீங்கள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் தேறியிருப்பேன்.

உண்மைதான். இத்தனை வருசம் மைசூரில் இருந்தும் கடை, வீட்டுக்காரர், ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவர் முன்னால் போவார், நான் பின்னால் நிற்பேன். யாராவது என்னிடம் கன்னடத்தில் கேட்டால் "ஹௌது" என்று தலையாட்டுவேன். ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்பதில்லை. இப்போது கடையில் கையைக் காட்டி வாங்குகிறேன். கண்ணுக்குத் தெரிகிற சாமான்தான் வீட்டில் சமையல். பெருங்காயம் அலமாரிக்குள்ளே இருக்கிறது, அதனால் அவர் போன நாளிலிருந்து என் ரசத்தில் பெருங்காயம் இல்லை.

ஒரு வேலை கிடைத்திருக்கிறது. இங்கே ஃபேக்டரிகளுக்கு நடுவில் கௌரம்மா என்கிற அம்மாள் மெஸ் நடத்துகிறார். அங்கே பரிமாறுகிறேன். பாத்திரம் கழுவும் வேலையும் இருந்தது, அதற்கு வாய் தேவையில்லை. நான் வேண்டுமென்றே பரிமாறுவதைக் கேட்டு வாங்கினேன்.

உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சரசு

—

கௌதள்ளி
20.6.2024

சரசுக்கு,

பொன்னம்மா சொல்லச் சொல்லப் பூங்குழலி எழுதுகிறாள். நான் படித்தது கன்னடப் பள்ளிக்கூடம். வாயில்தான் தமிழ், கையில் இல்லை.

ஊமை என்று சொன்னதற்கு நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் வைத்துக்கொள். என் தம்பி காளியப்பன் வீட்டில் இருந்த ஒரே ஆள் நீ. பிள்ளை குட்டியும் இல்லை. நீ அங்கே அடுத்தவன் எச்சில் இலைக்கு நடுவில் நிற்கிறாய் என்று நாலு பேர் கேட்டால் நான் என்ன பதில் சொல்வேன்? இங்கே பாதி ஊர் தமிழ் பேசுகிறது. கடைக்காரனோடு தமிழிலேயே சண்டை போடலாம். என் தம்பி சின்ன வயசில் படுத்த அறையைச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

ஆடி போகட்டும். ஆவணி பிறந்ததும் என் பையன் உமேஷ் டெம்போ எடுத்துக்கொண்டு வருவான். சாமானைக் கட்டி வை.

பெருங்காயத்துக்கு இங்கு என்று பெயர். கடைக்காரனிடம் "இங்கு கொடி" என்று கேள். இது கூடத் தெரியாமல் என்ன குடித்தனம்.

பொன்னம்மா

அத்தை, இது பூங்குழலி. சுண்ணாம்பு அடிக்கிறதைச் சொல்லும்போது மாமியார் கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. இதை எழுதச் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

—

ஹெப்பாள்
14.7.2024

பொன்னம்மா அண்ணிக்கு,

இங்கு வாங்கிவிட்டேன். கடைக்காரர் எடுத்துக் கொடுத்தபோது அழுகை வந்துவிட்டது. என்னவோ நகை வாங்கின மாதிரி.

முதலில் நல்லபடியாகத்தான் போனது. நானே ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தேன். நம் பால் இங்கே ஹாலு. நம் பத்து ஹத்து, பூ ஹூவு, பல் ஹல்லு. ஆகா, இவ்வளவுதானா கன்னடம் என்று எல்லாவற்றுக்கும் ஹ போட ஆரம்பித்தேன். பருப்பை ஹருப்பு என்றேன். யாருக்கும் புரியவில்லை, அது பேளெயாம். பூரி சாப்பிட வந்தவரிடம் பூரி வேண்டுமா என்பதற்கு "ஹூரி பேகா?" என்று கேட்டேன். மெஸ்ஸே சிரித்தது. இப்போது கௌரம்மாவே உள்ளே பார்த்து "எரடு ஹூரி" என்று கத்துகிறார். அது போகட்டும், சிரிப்பில் ஒரு நஷ்டமும் இல்லை.

நஷ்டம் வேறு இடத்தில் வந்தது. மஞ்சுநாத் என்று ஒரு ஃபேக்டரி ஆபீசர். வெள்ளைச் சட்டை, கழுத்தில் அட்டை. தினமும் வருகிறவர், ஆனால் அன்றைக்குத்தான் என் வரிசையில் உட்கார வந்தார். நான் வழக்கம்போல, "பாரோ, கூத்கோ" என்றேன். அவர் ஏதோ கேட்டார். கையில் சாம்பார் வாளி. சும்மா இரு, கொண்டுவருகிறேன் என்பதற்கு "சும்னிரோ, தர்த்தீனி" என்றேன். அவர் எழுந்துவிட்டார்.

"யாரிகெ பாரோ அந்தீயா?" என்றார். யாரைப் பார்த்து வாடா என்கிறாய் என்று கேட்கிறார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இலையில் வைத்தது வைத்தபடி இருக்க, கை கழுவாமல் போய்விட்டார்.

கௌரம்மா என்னை உள்ளே கூப்பிட்டார். அவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும்.

"ஏனம்மா, லாரியில மூட்டை ஏத்தறவன்கிட்ட பேசற மாதிரி பேசறியே, யாரு கத்துக் கொடுத்தது?"

"நம்ம யஜமானரு" என்றேன். வீட்டுக்காரரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்.

"அவரு என்ன வேலை?"

"சென்ட்ரிங் மேஸ்திரி."

அந்த அம்மாள் தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. அவருக்குச் சோறு எடுத்துக்கொண்டு சைட்டுக்குப் போவேன், மணல் மேல் உட்கார்ந்து அவர் சாப்பிட்டு முடிக்கிறவரை பார்த்துக்கொண்டிருப்பேன். அங்கே அவர் பையன்களைச் சத்தம் போடுவதுதான் நான் கேட்ட கன்னடம். எத்தோ, ஹிடியோ, பாரோ, பேக பேக: தூக்குடா, பிடிடா, வாடா, சீக்கிரம் சீக்கிரம். எனக்கு வருகிற ஒவ்வொரு கன்னடப் பேச்சும் கூலியாளிடம் மேஸ்திரி பேசின பேச்சு. அதை மெஸ் முழுக்கப் பேசியிருக்கிறேன். லோடு ஏற்றுகிற பையன்கள் சிரித்தார்கள், நான் நன்றாகப் பேசுகிறேன் என்று சிரிக்கிறார்கள் என நினைத்துக்கொண்டேன்.

இப்போது பின்கட்டில் கிரைண்டரோடு இருக்கிறேன். கௌரி ஹப்பம் என்கிற பண்டிகைக்குள் மரியாதையாகப் பேசக் கற்றுக்கொண்டால் மறுபடி கூடத்துக்கு வரலாம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம்.

ஒன்று சொல்கிறேன் அண்ணி, கோபித்துக்கொள்ளாதீர்கள். அவர் போட்டோ ஒன்றுதான் இருக்கிறது, அதில் அவர் மாதிரியே இல்லை. அவர் சத்தம் என் வாயில்தான் இருந்தது. அதைத் தப்பு என்கிறார்கள்.

சரசு

—

கௌதள்ளி
25.7.2024

சரசுக்கு,

கோபித்துக்கொள்ளாதீர்கள் என்று எழுதிவிட்டு என் தம்பி மரியாதை தெரியாதவன் என்று எழுதியிருக்கிறாய். பூங்குழலியை மறுபடி படிக்கச் சொல்லிக் கேட்டேன். அப்படித்தான் இருக்கிறது.

சாரத்து மேல் நிற்கிறவனிடம், "ஐயா, தயவுசெய்து பலகையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்றா சொல்வான்? சொல்லி முடிக்கிறதுக்குள் அவன் கீழே கிடப்பான். அந்தப் பையன்கள் அவனோடு ஒரே தட்டில் தின்றவர்கள். அவர்களை அவன் எப்படி வேண்டுமானாலும் கூப்பிடுவான். ஹனூர் தாலூக்கா ஆபீசில் பட்டா விஷயமாக அவன் பேசி நீ கேட்டதில்லை. நான் கூட நின்றிருக்கிறேன். "பன்னி சார், கூத்கொள்ளி சார், தாவு ஹேளி சார்" என்று தேன் ஒழுகும். அந்த குமாஸ்தா எழுந்து நின்று பதில் சொன்னான். நீ என் தம்பி பேச்சில் பாதியைத்தான் கேட்டிருக்கிறாய். அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவனை எடை போடாதே.

வா என்பதற்குப் பன்னி. உட்கார் என்பதற்குக் கூத்கொள்ளி. எடுத்துக்கொள் என்பதற்குத் தகொள்ளி. தாவு ஹேளி என்றால் தாங்கள் சொல்லுங்கள். கடைசியில் ளி, னி என்று இழு. சந்தேகமாக இருந்தால் ரீ சேர்த்துக்கொள். யாரும் அடிக்க மாட்டார்கள்.

இதை நீ அங்கேயே இருப்பதற்காகச் சொல்லவில்லை. போகிற இடத்தில் அவன் பெயர் கெடக்கூடாது, அதற்காகச் சொல்கிறேன். ஆவணியில் டெம்போ வரும்.

பொன்னம்மா

அத்தை, மாமியார் தாலூக்கா ஆபீஸ் கதையைப் பேசிக் காட்டினாங்க. மாமா குரல்லயே.

—

ஹெப்பாள்
18.8.2024

பொன்னம்மா அண்ணிக்கு,

நீங்கள் சொன்னபடி ளியும் னியும் பழகினேன். பெரிய மனுசரைப் பார்த்துப் பன்னி என்று கூப்பிட முதலில் வாயே வரவில்லை. கொளத்தூரில் அப்படிக் கூப்பிட்டால் செருப்பு பறக்கும். அதனால் கிரைண்டரிடம் பழகினேன். "கிரைண்டர்ரீ, நில்லி" என்பேன். பின்கட்டுக்கு வருகிற பூனையைக்கூட "பன்னி, கூத்கொள்ளி" என்று உபசரித்தேன். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிற பையனுக்கு ஒரே பேச்சில் எல்லா இடத்திலும் ரீ போட்டேன். அவன், "நன்னன்ன மதுவெகெ கரீத்தீரா?" என்று கேட்டான். கல்யாணத்துக்கு அழைக்கிறீர்களா என்று கிண்டல். கௌரம்மா கேட்டுவிட்டு, "முன்னாடி உப்பே இல்லை, இப்ப உப்பு மட்டுந்தான் இருக்கு" என்றார்.

பஸ்ஸில் போகும்போது பெண்பிள்ளைகள் கண்டக்டரிடம் எப்படிக் கேட்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பேன். இறங்கி வீட்டுக்கு நடக்கும்போது அதையே முணுமுணுத்துக்கொண்டு வருவேன். தெருவில் பார்ப்பவர்கள் புருசன் செத்ததில் இவளுக்கு மண்டை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

நாக்கு பழகிவிட்டது. அதற்குப் பிறகு ஒருநாள் வீட்டில் சும்மா அவர் சொல்கிற மாதிரி "பாரோ" என்று சொல்லிப் பார்த்தேன். வாய் கூசியது. யாரோ அடுத்த வீட்டு ஆள் பேச்சை எடுத்துப் பேசின மாதிரி இருந்தது. அன்றைக்குச் சாப்பிடவில்லை. கௌதள்ளிக்கே வந்துவிடலாமா என்று நினைத்தது அன்றைக்குத்தான். உங்களிடம் மறைப்பானேன்.

போன வாரம் கௌரம்மா கூடத்துக்கு அனுப்பினார். அந்த மஞ்சுநாத் சார் வந்தார். என்னைப் பார்த்ததும் வேறு வரிசைக்குத் திரும்பினார். நான் முந்திக்கொண்டு, "பன்னி சார், கூத்கொள்ளி. ஏனு பேகு?" என்றேன். உட்கார்ந்தார். இலையில் ஒன்றும் மீதி வைக்கவில்லை.

அவர் பக்கத்து வரிசைக்கு மதன் வந்தான். உங்கள் தம்பியிடம் கம்பி கட்டிக்கொண்டிருந்த பையன், கருமாதிக்கும் மைசூரிலிருந்து வந்திருந்தானே, அவன்தான். இப்போது பக்கத்தில் ஒரு புது ஷெட்டில் வேலையாம். கையெல்லாம் சிமெண்ட். எனக்கு இருந்த பயத்தில் அவனுக்கும் "பன்னி சார், கூத்கொள்ளி" என்றேன்.

அவன் உட்காரவில்லை.

"ஏனக்கா, நான் ஏன் தப்பு மாடிதெ?" என்றான். நான் என்ன தப்பு பண்ணினேன் என்கிறான். எனக்குப் புரியவில்லை என்று நினைத்து உடைந்த தமிழில் சொன்னான்: "என்மேல கோவமா? மேஸ்திரி போனதும் நான் யாரோ ஆயிட்டனா? சார்னு சொல்றே. நான் சாப்டல, போறேன்."

நிஜமாகவே அவன் முகம் சுண்டிவிட்டது. மஞ்சுநாத் சார் கை கழுவிக்கொண்டு பார்க்கிறார். கௌரம்மா கல்லாவிலிருந்து பார்க்கிறார். மரியாதை கொடுத்தால் இந்தப் பையன் போய்விடுவான், கொடுக்காவிட்டால் என் வேலை போய்விடும். கிரைண்டரிடம் இதைப் பழகியிருக்கவில்லை.

"சும்னிரோ" என்றேன். "கூத்கோ. முத்தெ ஆறித்து, தின்னோ."

வாய் கூசவில்லை அண்ணி. மதன் உட்கார்ந்தான். தலையைத் தூக்காமல் தின்றான். இன்னொரு களி உருண்டை வைத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

மஞ்சுநாத் சார் கல்லாவில் ஏதோ கேட்டார். கௌரம்மா, "அவனு அவள மனெ ஹுடுகா" என்றார். அவள் வீட்டுப் பையன் என்று அர்த்தம். அப்புறம் என்னிடம் வந்து, "அவனுக்கு அது, இவருக்கு இது. அஷ்டே, அவ்வளவுதான்" என்றார்.

இரண்டும் வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நீங்கள்தான் சொல்லியிருக்கிறீர்கள், பாதி பேச்சு என்று. அப்போது எனக்கு உறைக்கவில்லை.

கூடத்து வேலை எனக்கே என்று ஆகிவிட்டது. அண்ணி, நான் வரவில்லை. உங்கள் வீட்டில் எனக்குச் சோறு உண்டு, அது கேட்காமலே வரும். அதுதான் எனக்குப் பயம். உமேஷை அனுப்ப வேண்டாம்.

சரசு

—

கௌதள்ளி
26.8.2024

சரசுக்கு,

அனுப்ப வேண்டாம் என்றால் அனுப்பாமல் இருக்க நான் என்ன உன் மெஸ்ஸில் இலை எடுக்கிறேனா? டெம்போவுக்குச் சொல்லியாயிற்று. கடுதாசியில் யாரும் எதையும் எழுதலாம். எனக்குக் கண்ணால் பார்த்த ஆள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உமேஷ் வருவான்.

பொன்னம்மா

—

ஹெப்பாள்
2.9.2024

பொன்னம்மா அண்ணிக்கு,

உமேஷ் வந்தான். கயிறு, தார்ப்பாய் எல்லாவற்றோடும் வந்தான். நான் வேலையில் இருந்தேன், அதனால் நேரே மெஸ்ஸுக்கு வரச் சொன்னேன். பையன் இளைத்துவிட்டான், பூங்குழலி கவனிக்கட்டும்.

அவன் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வெளியே ஒரே சத்தம். பக்கத்து ஒர்க்ஷாப்காரர், அவர் கேட்டை மறித்து டெம்போ நிற்கிறது என்று கத்துகிறார். உமேஷ் எச்சில் கையோடு எழுந்து போய் அவனும் கத்தினான். உங்கள் ரத்தம். இருவரும் சட்டையைப் பிடிக்கிற நிலைமைக்கு வந்துவிட்டார்கள்.

நான் போய் நடுவில் நின்றேன். "சார், க்ஷமிசி சார். நம்ம ஹுடுகா, ஊட்ட மாட்தாயித்தானெ" என்றேன். மன்னியுங்கள், எங்கள் பையன், சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான் என்று அதுவரைக்கும் சரி. இப்போதே எடுத்துவிடுவான் என்று சொல்ல வேண்டும். அவசரத்தில் "நாளெ தெகீத்தானெ" என்று சொல்லிவிட்டேன். நாளைக்கு எடுப்பானாம்! அந்த மனுசர், "நாளெனா!" என்று எகிறினார். நான் என் நெற்றியில் நானே அடித்துக்கொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. "ஈக. ஈக அன்னி" என்று, இப்போது என்பதற்கு ஈக என்று சொல்லச் சொல்லிக் கொடுத்தார். "ஈக" என்றேன். "ஹா, ஈக" என்றார். பாடம் சொல்லிக் கொடுத்தவரால் அப்புறம் கத்த முடியவில்லை. சாப்பிட்டு முடித்துவிட்டே எடுக்கட்டும் என்று போய்விட்டார்.

உமேஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். "அத்தை, நீங்களா பேசுனது? மாமா இருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டான். மாமா இருந்தால் நான் பேசியிருக்க மாட்டேன். அது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

வீட்டுக்கு வந்தான். சாமான் கட்டாமல் இருப்பதைப் பார்த்தான். "அம்மாகிட்ட நான் என்னன்னு சொல்றது?" என்றான்.

"பாத்ததச் சொல்லு."

"வண்டி காலியாப் போச்சுன்னா அம்மா என்னை வாசப்படி ஏத்தாது அத்தை."

அதுவும் நியாயம்தானே என்று கட்டிலை ஏற்றிவிட்டேன். எங்கள் இருவருக்கும் வாங்கின இரும்புக் கட்டில். அவர் போனதிலிருந்து நான் அதில் ஒரு ஓரமாகத்தான் படுக்கிறேன், அவர் பக்கம் புரண்டுவிடுவேனோ என்று தூக்கமே வருவதில்லை. எனக்குப் பாய் போதும். உங்களுக்கு மூட்டுவலி, தரையில் படுத்து எழுந்திருக்கச் சிரமம் என்று பூங்குழலி போனில் சொன்னாள். சுண்ணாம்பு அடித்த அறையில் போட்டு நீங்கள் படுங்கள்.

சரசு

—

கௌதள்ளி
9.9.2024

சரசுக்கு,

கட்டில் வந்தது. ஒரு கால் நொடிக்கிறது, உமேஷ் கீழே அட்டை வைத்திருக்கிறான். நேற்று முழங்கால் வலி கொஞ்சம் மட்டுதான். ஆனால் ஒற்றை ஆளுக்கு இது அகலம்.

உமேஷ் பார்த்ததைச் சொன்னான். அந்த ஒர்க்ஷாப்காரன் கதையைத் தினமும் ஒரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்கிறேன். நீ நடுரோட்டில் நெற்றியில் அடித்துக்கொண்டதை அவன் நடித்துக் காட்டுகிறான். தெகீத்தானெ என்பதை நீ சரியாகச் சொல்லியிருக்கிறாய். அது எங்கள் பக்கத்து ஆட்களுக்கே திக்கும்.

ஒன்று மட்டும் நீ யோசிக்கவில்லை. இருந்த ஒரே கட்டிலை இங்கே அனுப்பிவிட்டாய். தசராவுக்கு நான் அங்கே வந்தால் எதில் படுப்பேன்?

பொன்னம்மா